பசித்த எலும்புகள்

ஜூலை 9, செவ்வாய்

பிள்ளையோடு அக்கா வீட்டுக்கு வந்தாயிற்று. பாளையங்கோட்டை வெயில் கோவில்பட்டி வெயிலுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்குப் பேறுகாலம் பார்ப்பது வடிவு அக்காவின் பொறுப்பு. வாசலில் ஆரத்தி சுற்றினாள். அத்தான் பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்கள்.

பெண் பிள்ளை. எடை போதும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கூட வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வடக்கே சரக்கு ஏற்றுகிற வாரம். சூப்பர்வைசர் இல்லாமல் முடியாது.

மாடிப்படி ஏறும்போது இடுப்பும் முழங்காலும் கழன்று விழுவதுபோல் வலித்தன. இது பேறுகால வலி இல்லை, பழையது. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவளுக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும்.

ஜூலை 11, வியாழன்

பிள்ளையின் துணிகளை அலசிப் போட்டேன். தண்ணீரில் கை வைத்ததற்கு அக்கா திட்டினாள்.

தாகம் அடங்கவே இல்லை. ஒரு சொம்பு குடிக்கிறேன், உடனே பாத்ரூமுக்கு ஓடுகிறேன். சுகர் பார்த்தாயா என்று அக்கா கேட்டாள். பார்த்தாயிற்று, இல்லை. கோவில்பட்டியில் நான் ரீடிங் எடுக்கப் போகிற தெருக்களில் எனக்குத் ‘தண்ணி அக்கா’ என்றே பெயர். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்பேன். நாலு வீடு தள்ளி வெட்கத்தை விட்டுப் பாத்ரூம் எங்கே என்று கேட்பேன்.

பிள்ளையை அக்காதான் குளிப்பாட்டுகிறாள். பால் கொடுக்க என்னிடம் தருகிறாள். கொடுத்ததும் தொட்டிலில் போட்டுவிடுகிறேன். கொஞ்ச நேரம் மடியில் வைத்திரு என்றாள். கை வலிக்கிறது என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

அத்தை கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. “இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

என் மாமியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாவது மூன்றாம் மாதம் போயிற்று. அடுத்தது ஐந்தாம் மாதம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எட்டாம் மாதத்தில் அசைவு நின்றுபோய் ஒரு பையன் பிறந்தான். இந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், வேறு வார்த்தைகளில்.

ஜூலை 14, ஞாயிறு

அவர் வந்தார். தொட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தூக்கித் தரட்டுமா என்று அக்கா கேட்டதற்குக் கை கழுவவில்லை என்றார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார்.

அத்தை கழுகுமலைக்குப் போயிருக்கிறாளாம், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் வாங்க. யாருக்குப் பார்க்க என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டாள். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மத்தியானம் பிள்ளையின் இடது கை வெட்டி வெட்டித் துடித்தது. தூக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

ஜூலை 15, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காலையில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை மறுபடி இழுத்தது. நான் பிடித்தேன். பிடித்த பிறகும் என் கைக்குள்ளே துடித்தது, பிடித்த மீனைப்போல. அப்புறம் கண் ஒரு பக்கமாகச் சொருகி, வாய் கோணி, உதடு நீலமாயிற்று. நான் சத்தம் போடவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. ஆட்டோவில் நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பிள்ளைகள் டாக்டர் ஜெபராணி என்பவர் பார்க்கிறார். ஐம்பது வயதிருக்கும். எப்போதிருந்து இழுப்பு என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

சொன்னால் நிஜமாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஜூலை 16, செவ்வாய்

மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகில் நீர் எடுத்தார்கள். இரண்டு தடவை இழுப்பு வந்தது. அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஆபீசில் இயந்திரச் சத்தத்தில் கேட்காது.

ஜூலை 17, புதன்

மூளைக் காய்ச்சல் இல்லை. பிள்ளையின் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறதாம். அது அவ்வளவு இறங்கினால் நரம்புகள் தாமாகவே துடிக்க ஆரம்பித்துவிடும், அதுதான் இழுப்பு என்றார் டாக்டர் ஜெபராணி. ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றுகிறார்கள். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடுமாம். ஒரு நர்ஸ் பக்கத்திலேயே நின்று துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மெலிந்திருக்கிறாயே, சாப்பிடுகிறாயா என்றார். தண்ணீர் நிறையக் குடிப்பாயா, மலச்சிக்கல் உண்டா, சிறுநீரகத்தில் கல் வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கல் இரண்டு தடவை வந்தது, ஒரு தடவை உடைத்து எடுத்தார்கள் என்றேன். இதற்கு முன்னால் பிள்ளைகள் உண்டா என்றார். நான் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

என் கையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். நோய் பிள்ளைக்கு, இவளுக்கு எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, டாக்டர் எடுக்கச் சொன்னார் என்றாள் நர்ஸ்.

ஜூலை 18, வியாழன்

மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்து பிள்ளையின் புறங்காலில் தோல் கறுத்துவிட்டது. இந்த மருந்து அப்படித்தான், எவ்வளவு பார்த்தாலும் சிலசமயம் ஆகிவிடும், தழும்பு இருக்கும் என்றார்கள். அடுத்த காலில் ஊசி குத்தினார்கள். அக்கா வெளியே போய் நின்றுகொண்டாள். நான் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாளாகவே எதுவும் தோன்றுவதில்லை.

ஜூலை 20, சனி

நோய் எனக்குத்தான்.

டாக்டர் தம் அறையில் உட்காரவைத்துச் சொன்னார். மறந்துவிடுவேன் என்பதற்காக எழுதுகிறேன். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், நெல்மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து கொஞ்சம் குறைந்தாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே ஒரு சுரப்பை அனுப்பும். அது எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும், சிறுநீரில் வீணாகப் போகாமல் தடுக்கும், குடல் சாப்பாட்டிலிருந்து கூடுதலாக இழுத்துக்கொள்ள வழி செய்யும். ரத்தத்தில் போதுமான அளவு வந்ததும் சுரப்பிகள் அடங்கிவிடும். ஒவ்வொருவர் உடம்பிலும் பகலும் இரவும் நடக்கிற காரியம் இது.

என் சுரப்பிகளில் ஒன்றில் கட்டி வந்திருக்கிறது. அதற்கு அடங்கத் தெரியவில்லை. வருஷக்கணக்காக என் எலும்பைக் கரைத்து ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டு வலி அதனால். கல் அதனால். தாகம் அதனால். எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதும் அதனால் இருக்கலாம் என்றார்.

தொப்புள்கொடி வழியாக என் ரத்தத்தில் மிஞ்சிய சுண்ணாம்புச்சத்து பிள்ளைக்குப் போயிருக்கிறது. தேவைக்கு மேலே கிடைத்ததால் வயிற்றுக்குள் இருந்தவரை பிள்ளையின் சுரப்பிகள் தூங்கியே கிடந்தன. தொப்புள்கொடியை அறுத்ததும் வரத்து நின்றது. தூங்கியவை எழுந்திருக்கவில்லை. சில வாரங்களில் எழுந்துவிடும் என்றார். அதுவரை மருந்து.

“அப்ப, முந்தின மூணும்?” என்று கேட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா அதுக்கும் இதுதான் காரணமா இருந்திருக்கும்னு நெனைக்கேன்.”

“முன்னாலயே தெரிஞ்சிருக்குமா?”

“ரத்தத்துல கால்சியம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

எத்தனை ரத்தப் பரிசோதனைகள் செய்திருக்கிறார்கள். எத்தனை கோயில், எத்தனை கயிறு. கல் வந்து கிடந்தபோதுகூட அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

அறையைவிட்டு வெளியே வந்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையைக் கொதிநீரில் போட்டுக் கழுவி, துணியால் மூடி வைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

நேற்றுக் காலையிலிருந்து இழுப்பு வரவில்லை. ராத்திரி அக்கா ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு என்னை வீட்டில் தூங்கச் சொல்லி அனுப்பினாள்.

ஜூலை 24, புதன்

நேற்று சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அத்தான் மேலே வந்து, “கீழ வா தாயி” என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

இன்று மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. குரங்கு வருகிறது என்கிறாள் அக்கா. இந்தத் தெருவில் நான் குரங்கைப் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கம் வர டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் அவளே எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரிக்கு ஒன்று தருகிறாள்.

ஜூலை 28, ஞாயிறு

அவரும் அத்தையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அத்தை ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அக்கா பொறுமையாகச் சொன்னாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. இனிமேலாவது என் தங்கச்சியைப் பேச ஆள் இருக்காது என்று நினைத்திருப்பாள்.

அத்தை முழுதும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். “அதைத்தான நான் அன்னைக்கே சொன்னேன், அவா உடம்புலதான் கோளாறுன்னு. இப்ப டாக்டரே சொல்லிட்டாக.”

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அவர் தரையைப் பார்த்தார். அத்தை ஆரஞ்சு உரித்து எனக்குக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன்.

அத்தை சொன்னது தப்பில்லையே. கொன்றது என் ரத்தம்தான்.

ஜூலை 31, புதன்

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால்சியம் மருந்து சொட்டு சொட்டாகக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. புறங்காலில் புண் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

எனக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வலது பக்கம் கீழே இருக்கிறதாம். ஆபரேஷனுக்கு இருபதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இடுப்பு எலும்பையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது எழுபது வயதுக்காரி எலும்பு என்று சொன்னார் படம் எடுத்தவர். எனக்கு முப்பத்திரண்டு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் வரவில்லை. சரக்கு ஏற்றுகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து என் கூட வேலை பார்க்கிற ராசாத்தி போன் செய்தாள். கழுகுமலைக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்களாமே, என்ன விசேஷம் என்று கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்றேன்.

அக்கா பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டாமா என்கிறாள். அவசரம் என்ன.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கையெழுத்துப் போட அவர் வந்தார். கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போகலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம் என்று படித்துக் காட்டினார்கள். அவர் பேனாவை எடுத்து, மறுபடி கீழே வைத்து, பிறகுதான் போட்டார். எனக்குப் பயமாக இல்லை. ஆபத்து என்ற வார்த்தையைக் கேட்டபோது, கதவைத் திறந்ததும் காற்று வருமே, அப்படி இருந்தது. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

முடிந்துவிட்டது. குரல் கரகரக்கிறது. கட்டியைப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். புளியங்கொட்டை அளவு. இதுதானா என்று கேட்டேன். இதுதான் என்றார் சர்ஜன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நேற்று எழுதக் கை இல்லை.

நேற்றுக் காலையில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு விரல் நுனிகள் மரத்தன. பிறகு இரண்டு கைகளும் என்னைக் கேட்காமல் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் விறைத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. அக்கா பிடித்து அமுக்கினாள். அவள் கைக்குள்ளேயும் இழுத்தது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மூச்சுக்குழாய் சுருங்குகிற மாதிரி வந்தது. கூப்பிடக் குரல் இல்லை.

ஓடி வந்து கால்சியம் ஏற்றினார்கள். மெதுவாக, துடிப்பைப் பார்த்துக்கொண்டு. நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகச் சுட்டது.

கட்டியை எடுத்ததும் எலும்பு பசியெடுத்துச் சாப்பிடுகிறது என்று சர்ஜன் சொன்னார். இத்தனை வருஷம் அதனிடமிருந்து பிடுங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ரத்தத்துக்கு மிச்சம் வைப்பதில்லை. மற்ற மூன்று சுரப்பிகளும் தூங்குகின்றன, பிள்ளைக்கு நடந்ததேதான் என்றார்.

அதைக் கேட்டதும் என்னால் படுத்திருக்க முடியவில்லை. பத்து நாள் பிள்ளை. வாய் இருந்தும் சொல்ல முடியாமல் இதைத்தானே அனுபவித்தது. உதட்டில் எறும்பு ஊர்ந்திருக்கும். கை மடங்கியிருக்கும். மருந்து சுட்டிருக்கும். முதல் நாளே பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

பிள்ளையைக் கொண்டுவா என்று அக்காவிடம் சொன்னேன். குரல் சரியாக வராததால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் கொண்டுவந்தார். கையில் ஊசி இருந்ததால் நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டேன். நர்ஸ் எடுக்கச் சொன்னாள். அக்கா, “இருக்கட்டும் சிஸ்டர், கொஞ்ச நேரம்” என்றாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வீட்டுக்கு வந்தேன். மாத்திரைகள் ஒரு டப்பா நிறைய. பிள்ளையின் சுரப்பிகள் எழுந்துவிட்டனவாம், சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். குளிப்பாட்டினேன். புறங்காலில் தழும்பு வட்டமாக, பளபளவென்று இருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

எனக்கும் கால்சியம் அளவு சரியாகிவிட்டது. தாகம் இல்லை. ராத்திரி எழுந்திருக்காமல் தூங்குகிறேன். படி ஏறினேன், வலி முன்போல் இல்லை. மனசும் இனி லேசாகும் பார் என்று டாக்டர் ஜெபராணி சிரித்துக்கொண்டே சொன்னார்.

லேசாகவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல. வருஷக்கணக்காகக் கண்ணுக்கு முன்னால் இருந்த மூட்டம் விலகியது உண்மைதான். விலகினால் பின்னால் இருப்பதெல்லாம் தெரிகிறதே. மூன்றாம் மாதம் போனது தெரிகிறது. ஐந்தாம் மாதம் பாத்ரூம் தரை தெரிகிறது. அந்தப் பையனுக்குத் தலை நிறைய முடி இருந்தது. அப்போது நான் அழவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்றார்கள். இப்போது சோறு பிசையும்போது அழுகை வருகிறது, பல் விளக்கும்போது வருகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

அவர் வந்தார். வீட்டுக்குக் கிளம்பு என்றார். கழுகுமலை விஷயம் என்ன என்று நேராகக் கேட்டேன். இவ்வளவு தெளிவாக நான் எதையும் அவரிடம் கேட்டதில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

“அம்மா பாத்தா. நான் சரின்னு சொல்லல.”

“வேண்டாம்னு சொன்னீங்களா?”

இப்போது பேச்சு நின்றுவிட்டது, அவர்களுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்றார். நோய் தீர்ந்ததால் நின்றிருக்கிறது. தீராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை தெரிந்தே கேட்கவில்லை.

வேறொன்று கேட்டேன். பையனை எங்கே வைத்தீர்கள் என்று. பிறந்த அன்றே அவர்தான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எந்த இடம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. கண்மாய்க்கு அந்தப் பக்கம், உடைமர முள்காட்டில் என்றார். எனக்குக் காட்டுங்கள் என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அக்கா வேண்டாம் என்றாள். நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். ஊரைத் தாண்டி இன்னொரு பஸ்ஸில் போய் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்தோம். அவர் முன்னால் போனார்.

உடைமரங்கள் இல்லை. கரையை உயர்த்துவதற்காக அந்தப் பக்கம் முழுவதும் மண் அள்ளியிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கிறது, அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். “இங்கனதான்” என்று ஒரு இடத்தில் நின்றார். பிறகு இல்லை என்று தள்ளிப் போனார். இன்னொரு பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். ஒரு வேம்பு நின்றது, அதை வைத்துத்தான் அடையாளம் என்றார். வேம்பு எங்கும் இல்லை.

“அன்னைக்கு மழை பேஞ்சுச்சு பகவதி. நான் சரியாப் பாக்கல. பாக்க முடியல.”

மண்ணிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்காரலாமா என்று நினைத்தேன். உட்காரவில்லை. பையன் இப்போது இந்தக் கரையில் எங்கேயோ இருக்கிறான், நாங்கள் நடந்து வந்த கரையில்.

வீட்டுக்கு வா என்றார். இப்போது வரவில்லை என்றேன். எப்போது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் பூக்கூடையோடு வந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்து, சூடு பட்டுவிட்டதா என்றாள். பிறகு முதல் பிள்ளையா என்று கேட்டாள்.

“நாலாவது” என்றேன்.

“மத்த பிள்ளைகள எங்க விட்டுட்டு வாரே?”

“கோவில்பட்டியில இருக்காங்க.”

“அம்மா இல்லாம இருந்துக்கிடுதாங்களா?”

இருந்துக்கிடுவாங்க என்றேன்.